கட்டளைக் கோடும் யுத்தத் தாங்கியும்: நீல் ஸ்டீவன்சனின் கணினிக் கட்டுரை பற்றிய ஒரு விமர்சன நோக்கு

கணினி பற்றிய எழுத்துக்கள் இலக்கிய விமர்சனத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டவை என்ற கருத்துத் தமிழ்ச் சூழலில் பொதுவாக நிலவுகின்றது. அவை தொழினுட்பக் கைந்நூல்களின் பாற்படுவன என்றும், பயன் முடிந்ததும் மறக்கப்படுவன என்றும் கருதப்படுகின்றன. ஆயின், ஒரு தொழினுட்ப விடயத்தை உவமைகளாலும் சிறு கதைகளாலும் வரலாற்று ஒப்பீடுகளாலும் விளக்கி, வாசகரை ஒரு முடிவின்பால் இட்டுச்செல்லும் எழுத்து, எப்பொருள் பற்றியதாயினும் விமர்சனத்துக்கு உரியதே. உவமை உள்ள இடத்தில் உவமிப்பவரின் நிலைக்களமும் உள்ளது. அந்நிலைக்களம் எது, அதில் நில்லாத வாசகருக்கு அவ்வுவமை எவ்வாறு பொருள்படுகின்றது என்று வினவுவது விமர்சகரின் கடனாகும்.

அமெரிக்க நாவலாசிரியர் நீல் ஸ்டீவன்சன் 1999ஆம் ஆண்டு எழுதிய நீண்ட கட்டுரையொன்று இத்தகைய ஆய்வுக்கு மிகவும் ஏற்றது. ஆதியில் இருந்தது கட்டளைக் கோடே எனப் பொருள்படும் தலைப்பைக் கொண்ட அக்கட்டுரை, யோவான் சுவிசேடத்தின் தொடக்கத்தை நினைவூட்டும் வகையிற் பெயரிடப்பட்டது. முதலில் இணையத்தில் இலவசமாக வெளியிடப்பட்டு, அதே ஆண்டிற் சிறு நூலாகவும் வந்தது. ஒருவர் தமது கணினிக்கு எந்தப் பணிசெயல் முறைமையைத் தெரிவு செய்யவேண்டும் என்பதே அதன் வெளிப்படையான பொருள். தமிழகத்தில் இயக்குதளம் என வழங்கும் இம்மென்பொருள், வன்பொருளுக்கும் மனிதருக்குமிடையே நின்று இரண்டையும் இணைப்பதாகும். பாகங்களை வாங்கித் தாமே கணினியொன்றைப் பொருத்திக்கொள்ளும் மாணவர் எவரும் எதிர்கொள்ளும் முதல் வினாக்கள் இரண்டு: எவ்வகை வன்பொருள், எப்பணிசெயல் முறைமை என்பன. இவ்வினாக்களை வெறும் விலைப்பட்டியல் விடயமாகக் கொள்ளாது பண்பாட்டு வினாக்களாக உயர்த்தியமை ஸ்டீவன்சனின் சாதனை. அச்சாதனையின் இயல்பையும் எல்லையையும், வவுனியாவை மையமாகக் கொண்ட வன்னிப் பெருநிலத்து வாசகரின் நிலையில் நின்று நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நாற்சந்தி உவமை

ஸ்டீவன்சனின் கட்டுரையிற் பலராலும் நினைவுகூரப்படும் பகுதி, வாகன விற்பனையாளர் நால்வர் பற்றிய உருவகக் கதையாகும். ஒரு சந்தியில் நான்கு விற்பனை நிலையங்கள் உள்ளன. மிகப் பெரியது மைக்ரோசொப்ற். அது முதலில் எளிய சைக்கிள்களை விற்றது. பின்னர் பருத்த, அழகற்ற, அடிக்கடி பழுதாகும் குடும்ப வாகனங்களை விற்றது. மக்கள் அவற்றையே பெருந்தொகையாக வாங்கினர். எதிரே அப்பிள் நிறுவனம். அதன் வாகனங்கள் எழில் மிக்கவை, விலை கூடியவை. ஆனால் அவற்றின் இயந்திரப் பகுதி திறக்கவியலாதபடி மூடப்பட்டுள்ளது. மூன்றாவது பீ நிறுவனம். சித்திரக்கதை நாயகனாகிய பற்மனின் வாகனத்தை ஒத்த அதிசய ஊர்தியை விற்பது. நான்காவது விற்பனை நிலையமே அன்று. வெட்டவெளியிற் கூடாரமடித்துத் தங்கியுள்ள தொண்டர்கள் அங்கே யுத்தத் தாங்கிகளைச் செய்கின்றனர். அத்தாங்கிகள் பழுதடையாதவை, சிறு காரளவு எரிபொருளே கொள்பவை, முற்றிலும் இலவசமானவை. திறப்பும் அவற்றிலேயே விடப்பட்டுள்ளது. அவைதாம் லினக்ஸ். எனினும் வழிப்போக்கர்கள் அவற்றைத் திரும்பியும் பாராது குடும்ப வாகனம் வாங்கச் செல்கின்றனர்.

இவ்வுவமையின் சிறப்பு, பல நூறு பக்கத் தொழினுட்ப விளக்கத்தை ஒரு காட்சியில் அடக்கிவிடுவதாகும். மக்கள் தரத்தைக் கொண்டு தெரிவு செய்வதில்லை; பழக்கத்தையும் பெரும்பான்மையையும் கொண்டே தெரிவு செய்கின்றனர் என்ற உண்மையை அது நகையுணர்வோடு உணர்த்துகின்றது. அங்கதம் என்ற வகையில் அது வெற்றி பெற்றதே.

ஆயின் இவ்வுவமை வவுனியாவை வந்தடையும்போது நிகழ்வது யாது? வவுனியாவும் ஒரு சந்தி நகரமே. மன்னார் வீதியும் ஹொரவப்பொத்தானை வீதியும் ஏ9 வீதியோடு சேருமிடம் அது. எனினும் இந்நகரத்து வாசகருக்கு யுத்தத் தாங்கி ஓர் உருவகமாக முதலில் அறிமுகமாகவில்லை. வீதியை உழுது சென்ற, வேலிகளையும் வீடுகளையும் நெரித்த கனவாகனமாகவே அது அறிமுகமானது. 1991ஆம் ஆண்டு ஆனையிறவுச் சமரிற் பயன்பட்ட கவசமிட்ட புல்டோசர் ஒன்று அவ்வீதியோரத்திலே காட்சிப்பொருளாக வைக்கப்பட்டுள்ளது. ஏ9 வீதியாற் பயணிப்போர் அதனைக் கடந்தே யாழ்ப்பாணம் செல்கின்றனர். 'இலவசமாக ஒரு தாங்கி, ஓட்டிச் செல்லலாம்' என்ற நகைச்சுவையைக் கேட்டுச் சிரிக்கும் மனநிலை, தாங்கி தம் தெருவுக்கு ஒருபோதும் வராது என்ற உறுதியிலிருந்து பிறப்பது. அவ்வுறுதி ஸ்டீவன்சன் வாழ்ந்த சியாற்றில் நகரத்துக்கு இருந்தது; வன்னிக்கு இருந்ததில்லை.

இது வெறும் உணர்ச்சிவசப்பட்ட மறுப்பன்று. உவமையின் தருக்கமே இங்குத் திரிபடைகின்றது. ஸ்டீவன்சன் தாங்கியைத் தெரிந்தெடுத்தது வலிமை, உறுதி, பழுதின்மை ஆகிய பொதுத்தன்மைகளுக்காக. வன்னி வாசகர் முதலிற் காணும் பொதுத்தன்மையோ, அதைச் செலுத்துபவருக்கும் அதன் முன் நிற்பவருக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வாகும். வலிமையைப் பெறுபவரின் இடத்திலேயே எல்லா வாசகரையும் நிறுத்திவிடுகின்றது மூல உவமை. வலிமைக்கு ஆட்படுபவரின் இடமொன்றும் உண்டு என்பதை அது எண்ணிப் பார்க்கவில்லை.

2. இலவசம் என்பதன் விலை

நாற்சந்திக் கதையில் எல்லா வாகனங்களும் ஒரே சந்தியில், ஒரே தூரத்தில் நிற்கின்றன. வாங்குபவர் நடந்து சென்று தெரிந்தெடுக்கலாம். இதுவே கதையின் ஆழமான முற்கோள். ஆராயப்படாத முற்கோளும் இதுவே.

கட்டுரை வெளிவந்த 1999ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதி பொதுமக்களின் போக்குவரத்துக்கு மூடப்பட்டிருந்தது. 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தின் பின்னரே அது திறக்கப்பட்டது. அக்காலத்தில் வவுனியா ஓர் எல்லை நகரம். வடக்கே செல்லும் பொருள்கள் அனைத்தும் அனுமதிக்கும் சோதனைக்கும் உட்பட்டன. தடைசெய்யப்பட்ட பொருள்களில் எரிபொருளும் உலர் மின்கலமும் அடங்கின. மின்கலம் கிடைக்காத இடத்தில் கணினியின் தெரிவு பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

தடை நீங்கிய பின்னரும் 'இலவசம்' எளிதாகக் கைக்கெட்டவில்லை. லினக்ஸ் வெளியீடொன்றைக் கொண்ட இறுவட்டின் கொள்ளளவு ஏறத்தாழ 700 மெகாபைற். தொலைபேசி வழியாக, செக்கனுக்கு 56 கிலோபிற் என்ற உச்ச வேகத்தில் அதைத் தரவிறக்க ஏறத்தாழ 28 மணித்தியாலம் வேண்டும். இணைப்பு இடையில் அறுந்தால் மீண்டும் தொடங்க நேரலாம். நிமிடக் கணக்கிற் கட்டணமும் ஏறும். உபுண்டு வெளியீட்டாளர்கள் 2011 வரை உலகெங்கும் இறுவட்டுக்களை அஞ்சலில் இலவசமாக அனுப்பி வந்தமை, இச்சுமையை உணர்ந்த செயலாகும். தாங்கி இலவசமானதாயினும், அதைச் சந்தியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும் பாதை இலவசமன்று என்பதை அவர்கள் விளங்கிக்கொண்டனர். ஸ்டீவன்சனின் கதையில் இப்பாதை இல்லை.

அக்கதையில் இல்லாத இன்னொன்று ஐந்தாவது கடையாகும். இலங்கையின் நகரங்களிலும், இந்தியாவிலும், உலகின் வறிய நாடுகள் பெரும்பாலானவற்றிலும் லினக்ஸின் உண்மையான போட்டியாளராக இருந்தது விலை கொடுத்து வாங்கிய விண்டோஸ் அன்று. பிரதி செய்யப்பட்ட விண்டோஸே. கணினியைப் பொருத்திக் கொடுப்பவரே அதையும் நிறுவிக் கொடுத்தார். வாங்குபவர் அதற்குத் தனிவிலை கொடுத்ததாக உணரவுமில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிகழ்ச்சித்திட்டங்களுக்கும் பாதுகாப்பளிக்கின்றது. எனினும் சட்டம் ஒருபுறமும் வழக்கம் மறுபுறமுமாக நின்றன. விண்டோஸ் 11 வீட்டுப் பதிப்பின் பட்டியல் விலை அமெரிக்காவில் 139 டொலர். டொலருக்கு 300 ரூபா எனக் கணித்தால் அது 41,700 ரூபா. மாணவரொருவர் பாவித்த கணினிக்கே இத்தொகையைச் செலவிடக்கூடும் என்ற நிலையில், வழக்கம் ஏன் வென்றது என்பது விளங்கும்.

இந்த ஐந்தாவது கடையைச் சேர்த்துக்கொண்டால் கதையின் நீதியே மாறிவிடுகின்றது. குடும்ப வாகனமும் இலவசம், தாங்கியும் இலவசம் என்ற நிலையில், மக்கள் தாங்கியைத் தவிர்ப்பது அவர்களின் அறியாமையைக் காட்டுவதாகாது. அண்டை வீட்டார் அறிந்தது, பாடசாலை கற்பிப்பது, வேலை தருவோர் கேட்பது எதுவோ அதையே அவர்கள் கொள்கின்றனர். விலையை மட்டும் கொண்டு லினக்ஸின் மேன்மையை நிறுவும் வாதம் இங்கே வலுவிழக்கின்றது. விலை நீங்கலாக வேறொரு நியாயம் காட்டப்படல் வேண்டும். அந்நியாயத்தின் விதை ஸ்டீவன்சனிடமே உள்ளது. ஆனால் வேறிடத்தில் உள்ளது. அது பின்னர் நோக்கப்படும்.

3. வன்பொருளும் மின்சாரமும்

வன்பொருள் பற்றிய ஸ்டீவன்சனின் வரலாற்று நோக்கு தெளிவானது. ஐபிஎம் நிறுவனம் 1981இல் வெளியிட்ட தனியாள் கணினி, பிறரும் பாகங்கள் செய்யக்கூடிய திறந்த அமைப்பைக் கொண்டிருந்தது. அதனால் உற்பத்தியாளர் பெருகினர். போட்டி விலையைக் குறைத்தது. அம்மலிவான வன்பொருளின் மீதே மைக்ரோசொப்றும், பின்னர் லினக்ஸும் வளர்ந்தன. அப்பிள் வன்பொருளையும் மென்பொருளையும் ஒன்றாகப் பிணைத்து இம்மலிவை இழந்தது. ஒருவர் தம் வீட்டில் தாய்ப்பலகை, முறைவழியாக்கி, நினைவகம், மின்வழங்கி என்பவற்றை வேறுவேறாக வாங்கிப் பொருத்த முடிவதே இவ்வரலாற்றின் பயனாகும். பணிசெயல் முறைமையின் தெரிவு வன்பொருளின் தெரிவிலிருந்து பிரிக்கவியலாதது என்பதும், புதிய பாகமொன்றுக்கு அதை இயக்கும் மென்பொருள் முதலில் விண்டோசுக்கே எழுதப்படும் என்பதும் அவர் சுட்டும் உண்மைகள்.

ஆனால் வன்பொருளின் மலிவை அவர் இயற்கை விதிபோலக் கொள்கின்றார். அது நாணயத்தோடும் துறைமுகத்தோடும் பிணைந்தது என்பதை 2022ஆம் ஆண்டு இலங்கைக்குக் கற்பித்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 203 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாவாகியது. 400 டொலர் பெறுமதியான பாகங்கள், வரியும் இலாபமும் நீங்கலாக, 81,200 ரூபாவிலிருந்து 144,000 ரூபாவாகின. உலகச் சந்தையில் எதுவும் விலையேறாமலே வவுனியாவிற் கணினி முக்கால் மடங்கு விலையேறியது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டும் நிகழ்ந்தது.

இச்சூழலிற் கணினியைப் பொருத்துபவரின் முன்னுரிமைகள் நூல்களிற் காணப்படும் முன்னுரிமைகளின்று வேறுபடுகின்றன. அதிவேக முறைவழியாக்கியைவிட நம்பத்தகுந்த மின்வழங்கி முக்கியமாகின்றது. மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தில் முதலில் எரிவது அதுவே, எரியும்போது பிற பாகங்களையும் உடன் கொண்டுசெல்வதும் அதுவே. தடையற்ற மின்வழங்கலைத் தரும் யூபிஎஸ் கருவி ஆடம்பரமன்று. உலர்வலயத்தின் வெப்பத்திலும் செம்மண் புழுதியிலும் காற்றாடிகளும் வெப்பந்தணிக்கும் தகடுகளும் விரைவில் அடைபடுவதால், மூடி எளிதில் திறந்து துடைக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும். குறைந்த மின்வலுக் கொள்ளும் பழைய அலுவலகக் கணினியொன்று, புதிய ஆனால் மின்பசி மிக்க பொறியைவிடப் பயனுடையதாகலாம்.

பணிசெயல் முறைமையின் தெரிவு இவ்விடத்தில் மீண்டும் முன்வருகின்றது. மைக்ரோசொப்ற் நிறுவனம் விண்டோஸ் 10இற்கான பொது ஆதரவை 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதி முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஆனது டீபீஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறையும், இன்ரெல் வகையாயின் எட்டாந் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய முறைவழியாக்கியையும் வேண்டி நிற்கின்றது. நன்கு இயங்கும் பல பொறிகள் இவ்வகையிற் பழையன ஆக்கப்படுகின்றன. பொறி பழுதடையவில்லை; அதற்கு முதுமை விதிக்கப்படுகின்றது. அதே பொறியில் லினக்ஸ் தடையின்றி இயங்கும். ஸ்டீவன்சன் 1999இல் வலியுறுத்திய உறுதி என்ற பண்பு, இன்று 'நெடுங்காலம் பாவிக்கக்கூடிய தன்மை' என்ற புதிய பொருளைப் பெறுகின்றது. மூல உவமை இங்கே தாங்கியைவிட்டு, வன்னியில் நன்கறியப்பட்ட வேறொரு வாகனத்தை நாடவேண்டியுள்ளது. அது வயலுக்கும் வீதிக்கும் சந்தைக்கும் பொதுவான, எவ்வூரிலும் திருத்தக்கூடிய இருசில் உழவு இயந்திரமாகும்.

4. அறிந்தோரும் அறியாதோரும்

கட்டுரையின் கருத்தியல் மையம், எச். ஜி. வெல்ஸ் 1895இல் வெளியிட்ட கால இயந்திரம் பற்றிய நாவலிலிருந்து பெறப்பட்டது. அந்நாவலில் எதிர்கால மனிதகுலம் இரண்டாகப் பிளவுண்டுள்ளது: மேலே சுகித்திருக்கும் ஈலோய் இனத்தார், நிலத்தின் கீழ் இயந்திரங்களோடு உழலும் மோர்லொக் இனத்தார். ஸ்டீவன்சன் இவ்வுருவகத்தைத் தலைகீழாக்குகின்றார். இன்றைய உலகிற் பொறிகளின் இயல்பை அறிந்த சிறுபான்மையினரே உலகை நடத்துகின்றனர். பெரும்பான்மையினர் அவர்கள் சமைத்த படங்களையும் இடைமுகங்களையும் நுகர்ந்து திருப்தியுறுகின்றனர் என்பது அவர் கூற்று. வரைவியல் இடைமுகம் என்பது டிஸ்னி உலகைப் போன்றது. உண்மைக்கு மாற்றாக உண்மையின் அழகிய மாதிரியைத் தருவது. கட்டளைக் கோடோ மனிதரும் பொறியும் நேரிற் பேசுமிடம்.

வெல்ஸ் எழுதியது வர்க்கப் பிளவு பற்றிய எச்சரிக்கை. ஸ்டீவன்சன் அதை அறிவுப் பிளவாகவும், ஓரளவுக்கு விருப்பப் பிளவாகவும் மாற்றிவிடுகின்றார். அறியாதோர் அறிய விரும்பாதோராகின்றனர். இம்மாற்றத்தில் வெல்ஸின் கூர்மை மழுங்குகின்றது. அறிவு யாருக்கு எவ்விலையிற் கிடைக்கின்றது என்ற வினா மறைந்துபோகின்றது.

இவ்விருவகையிலும் அடங்காத மூன்றாவது பிரிவினரை வன்னியின் அனுபவம் காட்டுகின்றது. பொருளாதாரத் தடைக் காலத்தில் வடபுலத்து மக்கள் சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். பெற்றோலைச் சில துளிகளாக மட்டும் பயன்படுத்தி, மண்ணெண்ணெயால் மோட்டார் சைக்கிளை ஓட்டினர். இவர்கள் பொறியை அறிந்தவர்கள். ஆனால் உலகை நடத்தும் சிறுபான்மையினர் அல்லர். அறிவு இவர்களுக்கு அதிகாரமாக வரவில்லை. இல்லாமையின் பிள்ளையாக வந்தது. பழைய மூன்று கணினிகளிலிருந்து இயங்கும் ஒன்றை உருவாக்கும் இளைஞர் இம்மரபினர். ஸ்டீவன்சனின் இருகூற்று உலகில் இவருக்கு இடமில்லை. ஆனால் தாமே கணினி பொருத்துதல் என்ற செயலின் முழுப் பொருளும் இவரிடமே வெளிப்படுகின்றது. செல்வ நாட்டிற் பொழுதுபோக்காகவும் தற்சார்பின் அடையாளமாகவும் விளங்குவது இங்கே தேவையாக விளங்குகின்றது. தேவையிற் பிறந்தமையால் அது தாழ்ந்ததாகிவிடாது.

5. கட்டளைக் கோடு எம்மொழியிற் பேசுகின்றது?

கட்டுரையின் மிகப் பலவீனமான இடம், அதன் மிக உயர்ந்த இடமாகக் கருதப்படுவதே. படத்தைவிடச் சொல் நேர்மையானது, மறைப்பற்றது என்பது ஸ்டீவன்சனின் அடிப்படை நம்பிக்கை. தம் ஆக்கமொன்றை 1990களின் நடுப்பகுதியிற் கணினிக் கோளாறால் இழந்த அனுபவமே அவரை லினக்ஸின்பாலும் எளிய எழுத்துக் கோப்புக்களின்பாலும் திருப்பியது. எழுத்தாளர் ஒருவருக்கு இது இயல்பான நம்பிக்கை. ஆனால் எம்மொழிச் சொல் என்ற வினாவை அவர் எழுப்புவதில்லை.

யுனிக்ஸ் கட்டளைகள் ஆங்கிலச் சொற்களின் சுருக்கங்கள். ஆங்கிலம் அறிந்தவருக்கு அவை ஓரளவு நினைவில் நிற்கும். தமிழ்மொழி மூலம் கற்ற மாணவருக்கோ அவை பொருளற்ற எழுத்துக் கூட்டங்கள். அவருக்குக் கோப்புறையின் படம் கட்டளையைவிட அண்மையானது. ஸ்டீவன்சன் இடைத்தரகர் எனப் பழிக்கும் படம், இங்கே மொழித்தடையைக் குறைக்கும் பாலமாகின்றது.

எளிய எழுத்துக் கோப்பு பற்றிய நம்பிக்கையும் ஆங்கிலத்துக்கே உரியது. ஆங்கில எழுத்துக்களுக்கு ஆஸ்கி என்ற பொதுக் குறியீடு 1963இலேயே வகுக்கப்பட்டுவிட்டது. தமிழுக்கு அத்தகைய உடன்பாடு நெடுங்காலம் இருக்கவில்லை. இலங்கைத் தமிழ் அச்சுலகிற் பரவலாக வழங்கிய பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துக்களின் குறியீடுகளின் மேல் தமிழ் வடிவங்களைப் பொருத்திய ஒன்றாகும். கண்ணுக்கு அது தமிழ். கணினிக்கு அது பொருளற்ற ஆங்கிலம். எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் எஞ்சுவது குழப்பமே. 1991இல் வெளிவந்த யுனிக்கோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் வழங்கப்பட்டதாயினும், விண்டோசில் அது ஆதரவு பெற்றது விண்டோஸ் 2000 வெளியீட்டிலேதான். சொல் மறைப்பற்றது என்று ஸ்டீவன்சன் எழுதிய ஆண்டிலே, தமிழ்ச் சொல் கணினியுட் பல மறைப்புக்களின் பின்னாலே நின்றது.

இதனினும் வியப்பான முரண் ஒன்று உண்டு. தமிழில் 'கொ' என்ற எழுத்தின் குறிகள் மெய்யின் இருபுறமும் அமைகின்றன; எழுத்துக்களின் அகலமும் வேறுபடுகின்றது. சமமான கட்டங்களில் ஒவ்வோர் எழுத்தாக அடுக்கும் முனையத் திரை இதற்கு ஏற்றதன்று. லினக்ஸின் வரைவியல் இடைமுகத்தில் தமிழ் செவ்வனே தோன்றினும், முனையத்திற் குறிகள் இடம்பெயர்ந்து சிதைந்து தோன்றுவது நெடுங்காலக் குறை. மனிதரும் பொறியும் நேரிற் பேசுமிடம் என ஸ்டீவன்சன் போற்றிய அவ்விடத்திலேயே தமிழ் மிகவும் திக்கித் திணறுகின்றது.

6. காவியமும் பாடபேதமும்

இத்துணைக் குறைகளையும் கூறிய பின்னர், கட்டுரையின் நிலையான பெறுமதியைச் சுட்டாது விடுவது நடுநிலை ஆகாது. யுனிக்சை அவர் கில்கமெஷ் காவியத்தோடு ஒப்பிடுகின்றார். அது ஒருவர் செய்து விற்ற பண்டமன்று. ஒரு சமூகம் தன் நினைவிற் பேணி, மீளமீளச் சொல்லி, ஒவ்வொரு முறையும் திருத்திக்கொண்ட வாய்மொழி மரபு என்பது அவ்வொப்பீட்டின் சாரம். இவ்வொப்பீடு வன்னி வாசகருக்கு அந்நியமானதன்று. முள்ளியவளையின் கோவலன் கூத்தும், வேழம்படுத்த வீராங்கனை கூத்தும் இவ்வாறே அண்ணாவிமாரின் நினைவிலும் கையெழுத்துப் பிரதிகளிலும் வாழ்ந்து வந்தவை. அதேவேளை, கூத்து மரபு மற்றோர் உண்மையையும் காட்டுகின்றது. எல்லாருக்கும் உரியதெனக் கூறப்படும் மரபிலும் பாடம் பழக்குபவர் யார், பழக அழைக்கப்படுபவர் யார் என்ற வினா உண்டு. யுனிக்ஸ் மரபும் தன்னை நாடி வந்த பிறமொழியாளரை எவ்வாறு வரவேற்றது என்பதைக் கொண்டே அளக்கப்படல் வேண்டும்.

ஸ்டீவன்சனின் வாதங்களுள் மிக வலியது, பிழைகளைப் பற்றியதாகும். டெபியன் லினக்ஸ் தன் பிழைகள் அனைத்தையும் எவரும் காணப் பொதுவிற் பட்டியலிடுகின்றது. வணிக நிறுவனமோ பிழையை ஒப்புக்கொள்ளத் தயங்குகின்றது. பிழையை மறைக்காமையே நம்பிக்கைக்கு அடிப்படை என்பது அவர் முடிபு. தமிழ்ப் பதிப்பு வரலாற்றை அறிந்தோர் இதனை எளிதில் ஏற்பர். சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) தம் பதிப்புரைகளில் ஏடுகளின் சிதைவை மறைக்காது எடுத்துரைத்தார். பிற்காலப் பதிப்பாசிரியர்கள் பாடபேதங்களை அடிக்குறிப்பில் தந்தனர். பிரதி ஐயத்துக்கிடமானது என்று கூறும் பதிப்பே திருத்தத்துக்கு வழி திறக்கின்றது.

விலை நீங்கலாக வேறொரு நியாயம் வேண்டும் என முன்னர்க் கூறப்பட்டது. அந்நியாயம் இதுவே. முனையத்திலே தமிழ் சிதைகின்றதெனின், லினக்ஸில் அக்குறையைப் பதிவு செய்யவும், அறிந்தவர் எவரேனும் திருத்தவும் வழி உண்டு. கேடீஈ, குனோம் ஆகிய திரைச்சூழல்களைத் தமிழாக்கியவர்கள் எந்த நிறுவனத்தின் சந்தைக் கணிப்புக்காகவும் காத்திருக்கவில்லை, அனுமதி கோரவுமில்லை. மைக்ரோசொப்றும் தன் விண்டோசுக்குத் தமிழ் இடைமுகம் வழங்கியது. ஆயினும் அங்கே தமிழ் தரப்படுகின்றது, இங்கே தமிழர் தாமே செய்துகொள்ளலாம். செய்துகொள்ளலாம் என்பதும் செய்துகொண்டனர் என்பதும் ஒன்றன்று. தமிழாக்கங்கள் இடைநின்று போவதும், ஒரே சொல் மூவகையாக மொழிபெயர்க்கப்படுவதும் உண்டு. திறந்த கதவு உரிமையைத் தருகின்றது. உழைப்பை அது தருவதில்லை.

7. முடிபு

காலம் இக்கட்டுரையை எவ்வாறு தீர்த்துள்ளது? பீ நிறுவனத்தின் உடைமைகள் 2001இற் பாம் நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. அதிசய ஊர்தி ஓடாமலே நின்றது. அப்பிள் அதே ஆண்டில் யுனிக்சை அடித்தளமாகக் கொண்ட புதிய முறைமையை வெளியிட்டது. ஸ்டீவன்சனும் பிற்காலத்தில் அதனையே பயன்படுத்தத் தலைப்பட்டு, தம் கட்டுரை காலங்கடந்துவிட்டதென ஒப்புக்கொண்டார். 2008 முதல் வெளிவரும் அன்ட்ரொயிட் தொலைபேசிகள் லினக்ஸ் கருவைக் கொண்டவை. வழிப்போக்கர் திரும்பியும் பாராத தாங்கி, அவர்கள் அறியாமலே அவர்களின் சட்டைப்பையிற் புகுந்துவிட்டது. ஆனால் திறப்பு அவர்கள் கையில் இல்லை. அதன் மூடியும் அப்பிளின் வாகனத்தைப் போலவே இறுக மூடப்பட்டுள்ளது. லினக்ஸின் வெற்றி தற்சார்பின் வெற்றியாகவே அமையும் என்ற எதிர்பார்ப்பை இது பொய்ப்பித்தது.

ஸ்டீவன்சனின் அடிப்படைக் குறை, தெரிவு என்பதைத் தனிமனிதர் ஒருவர் சந்தையில் நின்று செய்யும் செயலாகக் கண்டமையே. வவுனியாவில் அது அவ்வாறு நிகழ்வதில்லை. பழுதானால் யார் வந்து பார்ப்பார், எவ்விடத்துப் பாகம் கிடைக்கும், மின்சாரம் எத்தனை மணி இருக்கும், பாடத்திட்டமும் வேலைத்தலமும் எதை வேண்டுகின்றன என்ற கூட்டுச் சூழலே தெரிவைத் தீர்மானிக்கின்றது. லினக்ஸை மட்டும் நிறுவும் மாணவர், விண்டோஸ் அறிந்தோரை வேண்டும் வேலைச் சந்தையில் ஒரு விலையைக் கொடுக்கின்றார் என்பதை மறைப்பது நேர்மையன்று. ஒரே பொறியில் இரண்டையும் நிறுவித் தேவைக்கேற்ப ஒன்றைத் தொடக்கும் முறை, கொள்கைப் பற்றாளருக்கு உவப்பளிக்காதாயினும், இச்சூழலுக்குப் பொருந்தும் தீர்வாகும்.

தெரிவு கூட்டுச் செயலெனின் அதை மாற்றும் வழியும் கூட்டாகவே அமைதல் வேண்டும். வவுனியாவில் 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஓகஸ்ட் மாதம் தனிப் பல்கலைக்கழகமாகிய நிறுவனம் இன்று பம்பைமடுவில் உள்ளது. அங்கே கணினியியல் கற்பிக்கப்படுகின்றது. முனையத்தில் தமிழைச் செம்மையாக்குவதற்கு எழுத்திலக்கணம் அறிந்தவரும் நிரல் எழுத அறிந்தவரும் ஒருங்கே வேண்டும். ஸ்டீவன்சனின் கட்டுரை அவ்வேலைக்கு வழிகாட்டியன்று. அது பிறிதோர் ஊரின் சந்தியில் நின்று எழுதப்பட்டது. ஆயினும் பொறியின் முகப்பில் தோன்றும் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் எடுத்த முடிபு என்பதையும், அம்முடிபு மாற்றப்படக்கூடியது என்பதையும் உணர்த்தும் வகையில் அது இன்றும் கற்கத்தக்கது. அம்முடிபை எடுப்போருள் தமிழரும் இருப்பரா என்பதே எஞ்சியுள்ள வினா.